கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற மைதீன் பாய்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வண்டி மாறுவதற்காகக் குர்லா ஸ்டேஷன் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. திரையில் மைதீன் பாய் பெயர். ஒன்பது மணிக்கு முன்பே அவர் அழைத்தால் ஏதோ ஒரு சாமான் மாறிப் போயிருக்கிறது என்று பொருள்.

"சொல்லுங்கோ பாய், இன்னிக்கு நாங்க என்ன தப்பு பண்ணினோம்?" என்றேன்.

பேசியது அவருடைய மகள் ஜீனத். "ஆன்ட்டி, வாப்பா மவுத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனேன், எந்திரிக்கல. உங்களுக்குச் சொல்லச் சொல்லி உம்மாதான் நம்பர் போட்டுக் குடுத்தாங்க."

பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் இடித்துக்கொண்டு போயிற்று. செம்பூர் போகும் வண்டி வந்து போனது. அடுத்ததும் போனது.

மைதீன் பாய் எனக்கு உறவினர் அல்லர். நண்பர் என்று சொன்னால் அவரே சிரித்திருப்பார். செம்பூரில் ஒரு கார் கம்பெனியின் விற்பனை நிலையத்தில், உதிரிபாகங்கள் விற்கும் பார்ட்ஸ் கவுண்டரில் நான் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அவர் தாராவியில் சிறியதொரு கார் வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். எங்களிடம் சாமான் வாங்குவார். வாங்கிய சாமானுக்காக எங்களோடு சண்டை போடுவார். அவர் அளவுக்கு எங்களோடு சண்டை போட்டவர் இந்த மும்பையில் வேறொருவர் இருக்க முடியாது. அந்தச் சண்டைகளைப் பற்றித்தான் நான் எழுத முடியும். எனக்குத் தெரிந்த மைதீன் பாய் அவற்றில்தான் இருக்கிறார்.

முதல் சண்டை நான் வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம் நடந்தது. மாட்டுங்காவில் ரயில்வே குமாஸ்தா ஒருவரின் மகளாக வளர்ந்த எனக்கு, யாரும் அதுவரை முகத்துக்கு நேரே குரலை உயர்த்தியதில்லை. வெள்ளைச் சட்டையும் கிரீஸ் படிந்த விரல்களுமாக ஒருவர் வந்து, பிரித்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கவுண்டர் மேல் வைத்தார். உள்ளே சக்கரத்தில் பொருத்தும் சென்சார்.

"இது சேராது. மாத்திக் குடுங்க."

"பெட்டியைத் திறந்துட்டேளே. எலக்ட்ரிக்கல் ஐட்டம் திறந்தா ரிட்டர்ன் எடுக்கறதில்ல. ரூல் அது."

"பெட்டியத் திறக்காம உள்ள இருக்கது சேருமா சேராதான்னு நான் எப்பிடிம்மா பாக்கது? மோந்து பாக்கணுமா?"

பின்னால் நின்ற மெக்கானிக்குகள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ரூல் ரூல் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அரை மணி நேரம் வாதாடிவிட்டு, "அப்பம் இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாலையில் பழைய ஆர்டரை எடுத்துப் பார்த்தேன். அவர் கொடுத்த பதிவுப் புத்தக நகலில், வண்டியை அடையாளம் காட்டும் சேசிஸ் எண்ணில் எட்டு என்று இருந்தது. மங்கலான நகல், நான் அதை மூன்று என்று அடித்திருந்தேன். அந்த ஒரு இலக்கத்தால் வேறு ஆண்டு மாடலின் சென்சார் வந்துவிட்டது. வேலை நிரந்தரமாகாத நேரம். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது நாட்கள் அந்தப் பெட்டி என் மேஜைக்கு அடியில் இருந்தது. பத்தாம் நாள் அவர் வேறு வேலையாக வந்தபோது, கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, "பாய், தப்பு என்னோடது" என்றேன்.

மேனேஜர் அறை பக்கத்திலேயே இருந்தது. பாய் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "அன்னைக்கு வீட்டுக்குப் போயி நானும் யோசிச்சேன். அந்த செராக்ஸு லெச்சணத்துக்கு அத ஆரும் படிக்க முடியாதுல்லா" என்றார். அத்தோடு முடிந்தது.

மறுமுறையிலிருந்து அவர் நகல் கொண்டுவரவில்லை. சேசிஸ் எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். ஆங்கில எழுத்துகள் குழம்பக் கூடாது என்று அதற்கு மும்பை ஸ்டேஷன்களைத் துணைக்கு அழைத்தார். "எம், மாட்டுங்கா. ஏ, அந்தேரி. கே, கல்யாண். என், நெருள். பொறவு எட்டு. எட்டுன்னா எட்டும்மா, மூணு இல்ல." கவுண்டரில் நிற்பவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்பார்கள்.

தவறு எங்களுடையதாக இருந்தால் அவர் விட மாட்டார். ஒருமுறை கதவின் உட்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தது. கிளிப் தனியாக வராது, கதவுப் பலகையோடு சேர்த்துத்தான் வரும் என்றோம். "சட்டப் பித்தான் போயிட்டுன்னா நீங்க புதுச் சட்டையா எடுப்பிய?" என்று கேட்டார். எழுத்தில் புகார் கொடுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பாய்க்கு ஆங்கிலம் எழுத வராது. நேரே என்னிடம் வந்தார்.

"எழுதும்மா. உங்க ஆளுவளுக்கு மூளை கெடையாது."

"அப்படி எழுதப்படாது பாய். 'தங்கள் ஊழியர்கள் கவனக்குறைவாக'ன்னு போடறேன்."

"அந்த ஊழியர்ல நீங்களும் உண்டுல்லா? அதான் கொறச்சுப் போடுதிய."

"சரி, 'மிகவும் கவனக்குறைவாக.'"

"ஆங். இப்பம் சரி."

அன்று தொடங்கி, எங்கள் பிரிவுக்கு எதிராக அவர் கொடுத்த புகார்கள் அத்தனையும் நான் எழுதியவை. சிலவற்றில் என் பெயரே இருந்தது. தாராவிக்காரர் வக்கீல் வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று மேனேஜர் ஒருமுறை சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு ரசீது போட்டேன்.

இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் போய்க்கொண்டிருந்த எங்கள் வழக்குகளுக்கு நடுவில்தான் அந்த பிரேக் விவகாரம் வந்தது.

முருகேசன் என்பவர் சுனாபட்டியில் பள்ளிக்கூட வேன் ஓட்டி வந்தார். அவருடைய வேனுக்கு மைதீன் பாய் எங்களிடம் வாங்கிய புது பிரேக் சிலிண்டரைப் பொருத்திக் கொடுத்திருந்தார். மிதித்த மிதியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அதுதான். இரண்டு வாரத்தில், ஓர் இறக்கத்தில் பிரேக் பெடல் அடிவரை போய்விட்டது. முருகேசன் வண்டியைச் சுவரில் மோதி நிறுத்தினார். பிள்ளைகள் அப்போதுதான் இறங்கியிருந்தார்கள். அவருக்கு வலது கால் முறிந்தது.

எங்கள் நிலையம் ஒரே வரியில் பதில் சொன்னது: வெளி வொர்க்‌ஷாப்பில் பொருத்தியது, எங்கள் பொறுப்பில்லை. தாராவியில் செய்தி வேறு மாதிரி பரவியது. மைதீன் பொருத்திய பிரேக் என்றார்கள். அவருடைய வொர்க்‌ஷாப்புக்கு வண்டி வருவது குறைந்துபோனது. முருகேசன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

மைதீன் பாய் அந்தச் சிலிண்டரைப் பிரித்து, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பிரேக் எண்ணெயில் உப்பக் கூடாத ரப்பர், ஊறிய பட்டாணி போல உப்பியிருந்தது. மேனேஜர் அதைப் பார்க்க மறுத்தார். பாய் கவுண்டருக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான்காம் நாள் அவரருகில் போய், "பாய், வேற பீஸ் மாத்திக் குடுக்கச் சொல்லி நானே மறுபடியும் கேக்கறேன்" என்றேன்.

"எனக்கு எதுவும் வேண்டாம்மா. அதே லாட்டுல வந்தது உள்ள அலமாரில மிச்சம் இருக்கும்லா? அத ஆருக்கும் விக்காதிய. அது போதும். அதுக்குத்தான் இங்கன இருக்கேன். ஆராவது அந்த நம்பர் பெட்டியோட வெளிய போனா தடுக்கலாம்னு."

உள்ளே போய்ப் பார்த்தேன். அதே சமயத்தில் செய்த, அதே லாட் எண்ணில் நான்கு பெட்டிகள் இருந்தன. விற்கக் கூடாது என்று கணினியில் பூட்டுப் போட்டேன். நான்கையும் எடுத்துச் சீல் வைத்தேன். தொழிற்சாலைக்கு என் பெயரில் நேரடியாகக் கடிதம் அனுப்பினேன். பாய் சொல்லி நான் எழுதிய புகார்களிலேயே மிகச் சுருக்கமானது அதுதான். அவர் ஒரு வார்த்தையும் கூட்டச் சொல்லவில்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அடுத்த மாதம் கல்யாணுக்கு அப்பால் இருந்த எங்கள் கிடங்குக்கு மாற்றல் வந்தது.

இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தேன். தகரக் கூரையின் கீழ் வரிசை வரிசையாகப் பெட்டிகள். கவுண்டர் கிடையாது. யாரும் வந்து எதையும் கேட்க மாட்டார்கள். தவறு செய்தாலும் யாரும் கத்த மாட்டார்கள். கணினியில் ஒரு சிவப்பு வரி வரும், அவ்வளவுதான். நிம்மதி என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அங்கே பிற்பகல்கள் நகரவே இல்லை. வாரத்துக்கு ஒருமுறை மைதீன் பாய் தொலைபேசியில் அழைப்பார். அந்த அழைப்புக்காக நான் காத்திருந்ததை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"புதுசா ஒருத்தர் இருக்காரும்மா கவுண்டர்ல. என்ன சொன்னாலும் 'ஓகே சார்'ங்காரு. சண்டையே போட முடியல. நீங்க எப்பம் வாரிய?"

எட்டு மாதம் கழித்துத் தொழிற்சாலையிலிருந்து எல்லா நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. குறிப்பிட்ட அந்த லாட் சிலிண்டர்களை உடனே திருப்பி அனுப்புக. விற்றவற்றை மாற்றிக் கொடுக்க. காரணம் எழுதவில்லை. முருகேசன் பெயரோ பாயின் பெயரோ அதில் இல்லை. ஒரு பிரதி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போய் அவர் கையில் கொடுத்தேன். தமிழில் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொருமுறை படிக்கச் சொன்னார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வாங்க, முருகேசன் வீட்டுக்குப் போவோம்" என்றார்.

நான் அதைப் படித்துக் காட்ட, முருகேசன் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டார். முடிந்ததும், "வண்டி சும்மாதான் நிக்குது பாய். எடுத்துட்டுப் போய்ப் பாருங்க" என்றார். பாய் வாசலில் இறங்கி, செருப்பை மாட்டாமலே வேனிடம் போய்விட்டார்.

நான் செம்பூருக்குத் திரும்பியபோது காலம் மாறியிருந்தது. ஆர்டர் எல்லாம் கைப்பேசிச் செயலியில் போயிற்று. மெக்கானிக்குகள் கவுண்டருக்கு வருவது அருகிவிட்டது. மைதீன் பாய் மட்டும் வருவார். எங்கள் கவுண்டருக்கு ஏறும் படிகளில் இரண்டு ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கியது. "வீட்டிலேர்ந்தே போடலாமே பாய், ஜீனத் போட்டுத் தருவாளே" என்பேன். "மெசினுகூட என்னத்தப் பேச?" என்பார்.

கடைசியாக வந்தது மூன்று வாரத்துக்கு முன்பு. பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றில் இடது எது, வலது எது என்று தகராறு. வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன் நான்; எதிரே நின்று பார்ப்பதுதான் முறை என்றார் அவர். அவர் சொன்னது தவறு. அவருக்கும் அது தெரிந்திருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "அடுத்த வாரம் வந்து பேசிக்கிடுதேன். ரெடியா இருங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். அன்று அவரை இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வைத்திருக்கலாம். டீ சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றே இன்னொரு தவறு செய்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை நான் செம்பூர் போகவில்லை. குர்லாவிலிருந்து நேரே தாராவிக்குப் போனேன். பெண்கள் இருந்த அறையில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க கடைக்குப் போயிட்டு வந்தா, 'இன்னைக்கு ஆரு செயிச்சது'ன்னு கேப்பேன். 'அந்தப் பிள்ளதான் செயிச்சிட்டு'ம்பாக. ஒரு நாளாவது நீங்க செயிக்கப்படாதான்னு கேட்டா, சிரிப்பாக."

என்னால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. முக்கால்வாசி நாள் ஜெயித்தவர் அவர்தான்.

அவரைக் கிடத்திய சந்தூக்கை வெளியே எடுக்கும் நேரம் வந்தது. வொர்க்‌ஷாப்பும் வீடும் இருந்த சந்து மிகக் குறுகல். அதில் பழுதுக்கு வந்த ஆறேழு கார்கள் நின்றன. ஒன்றில் இஞ்சின் இல்லை, ஒன்றில் பேட்டரி இல்லை. எதையும் ஓட்டி எடுக்க வழியில்லை. வண்டிக்காரர்களும் பக்கத்துப் பட்டறை ஆட்களும் சேர்ந்து, ஒவ்வொரு காராகக் கையால் தள்ளி முனைக்குக் கொண்டுபோனார்கள். "மெல்ல, மெல்ல" என்ற குரல் மட்டும் கேட்டது. பிறகு தோளில் ஏற்றினார்கள். அந்தச் சந்து அவ்வளவு அகலம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் அதன் நடுவே தடையில்லாமல் போனார்.

கடைசித் தோள் முனையில் திரும்பி மறையும்வரை வாசலில் நின்றேன். போய் வாருங்கள், பாய். கண்ணாடி விஷயம் இன்னும் பேசி முடிக்கவில்லை. எதிரே நின்று பார்ப்பதே முறை என்று நீங்கள் சொன்னீர்கள். நான் எதிரேதான் நிற்கிறேன்.