முந்தி ஓடிய வாட்ச்

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த நாட்கள். எங்கள் ஆரியங்கோட்டில் காலை ஆறு மணிக்கு முன் யாரும் வழியில் இறங்கக் கூடாது என்பது போலீஸ் உத்தரவு. கைக்கடிகாரம் கழற்றிப் பூட்டுவதில் எனக்குப் பைத்தியம். அத்தானின் நின்றுபோன வாட்சை நானே ஓடவைத்து, சாயங்காலம் ஆறு மணிக்கு அடிக்கும் சர்ச் மணியோடு ஒத்துவைத்துக் கொடுத்தேன்.

விடியலில் அக்கா அழுதுகொண்டே எழுப்பினாள். ரப்பர் பால் வெட்டப் போன அத்தானைப் போலீஸ் பிடித்துவிட்டதாம்!

ஆறு கழிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடினேன். "ஆறு கழிஞ்சுதான் இறங்கினேன் சாரே," என்று அத்தான் வாட்சைக் காட்டினார்.

"நான் பிடிக்கும்போ அஞ்சரையாக்கும். கத்தியும் கொண்டு சமரத்துக்குப் போறியோடா?" என்று சீறினார் ஏட்டு.

நேற்று சரியாக வைத்த வாட்ச் எப்படி முந்தும்? "தப்பு எனக்கதாக்கும் சாரே. நான் நன்னாக்கின வாட்ச். வச்சுப் பாருங்க," என்றேன்.

ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒத்துவைத்து மேசைமேல் வைத்தார்கள். என் வேலை மோசமாக இருக்க வேண்டுமே என்று நானே ஜெபித்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று நிமிடம் முந்தியது!

ஏட்டு சிரித்துவிட்டார். "இனி இவனிட்ட வாட்ச் கொடுத்தா உன்னை உள்ள தள்ளுவேன், போ!"

"நின்னு கிடந்தப்பம் நல்லாருந்துது மக்கா," என்றார் அத்தான் வழியில்.

பல நாள் குழம்பினேன். நெய்யாற்றின்கரைக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது: திருகாணிகளைக் காந்தத்தால் பொறுக்கியதில் உள்ளிருந்த சுருள்கம்பிக்கும் காந்தம் ஏறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் வேகமாக ஓடியிருக்கிறது. இப்போது இடுக்கியால்தான் எடுக்கிறேன். சரிசெய்த வாட்சை இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தே கொடுக்கிறேன். அத்தான் மட்டும் தன் வாட்சை இன்னும் என்னிடம் கழற்றித் தருவதில்லை.