கம்பி இல்லாத எல்லை

அண்ணை ஜெர்மனியில் எங்கே இருக்கிறார் என்று யார் கேட்டாலும் "பிராங்போர்ட்டில்" என்றுதான் சொல்லுவோம். அவரும் எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார். எங்கள் ஆட்களின் பழக்கம் அது. பிக்கரிங்கில் வீடு வாங்கினவர்கள்கூட ஊருக்குப் போன் எடுத்தால் ரொறன்ரோ என்றுதானே சொல்லுகிறார்கள்? பக்கத்துப் பெரிய நகரத்தின் பெயரைச் சொன்னால் கேட்கிறவருக்கும் லேசு, சொல்லுகிறவருக்கும் கொஞ்சம் மரியாதை.

அந்தக் கோதாரிப் பழக்கம்தான் எங்களைக் கெடுத்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அம்மாவுக்குக் கனடா விசா கிடைத்தது. நானும் கணவரும் அப்போது ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் இருந்தோம். அண்ணை நாட்டை விட்டு ஓடியபிறகு அம்மா அவரைக் கண்டதேயில்லை. பிராங்போர்ட் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்த எங்கள் ஆள் ஒருவர், விமானம் மாறுகிறவர்கள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருப்பார்கள், வெளியே நின்று பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். டிக்கெட் போட முதல் அண்ணையைக் கேட்டேன்.

"பிராங்போர்ட்டால போடட்டே?"

எத்தனை மணிக்கு இறங்கும் என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "ஓம், போடு. வாறன்" என்றார்.

ரொறன்ரோவில் வந்து இறங்கிய அம்மாவின் முகத்தைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. அண்ணை வரவில்லை. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றாராம் அம்மா. மகன் அடையாளம் காணட்டும் என்று குளிருக்குத் தலையில் சுற்றியிருந்த மஃப்ளரையும் கழற்றிவிட்டாராம். கடைசியில் விமானக் கம்பனிப் பெட்டை ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஏற்றியிருக்கிறாள்.

அண்ணை போன் எடுத்தபோது அம்மா வாங்கவில்லை. வேலை, லீவு தரவில்லை என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார் அண்ணை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். அதற்குப் பிறகுதான் உண்மை வந்தது.

அவர் நகரத்தில் இல்லை. பக்கத்து நாட்டுப்புற மாவட்டத்தில், சீனிக்கிழங்கு வயல்களுக்கு நடுவே அகதிகளை வைத்திருக்கும் கட்டிடம் ஒன்றில் இருந்தார். வேலையும் இல்லை. அகதி வழக்கு முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே தாண்டிப் பிடிபட்டவர். இன்னொரு தரம் பிடித்தால் மறியலில் போட்டுவிடுவார்கள், வழக்கும் பாழ். அனுமதி கேட்டிருக்கிறார். விமானம் மாறும் தாயைப் பார்ப்பது ஒரு காரணமில்லை என்று மறுத்துவிட்டார்கள். அன்றைக்கு எல்லைக்கு உள்ளேயிருந்த கடைசி பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றாராம். விமானங்கள் பதிந்து இறங்குவது அங்கிருந்து தெரியும்.

"எது அம்மாவின்ர எண்டு தெரியேல்லை. எல்லாத்துக்கும் கை காட்டினனான். அம்மாட்டச் சொல்லு, பிள்ளை."

சொன்னேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"உந்த எல்லையில கம்பி அடிச்சிருக்கே?"

"இல்லை, அம்மா."

"ஆமி நிக்கிறானே? சென்றி இருக்கே?"

"ஒருத்தரும் இல்லை. ரோட்டோரம் ஒரு போர்ட் மட்டும்தானாம்."

"பிறகென்ன? நடந்து வந்திருக்கலாம்தானே."

ஷெல் விழ விழக் கடனீரேரியை வள்ளத்தில் கடந்து வந்த மனுசி அவர். எத்தனை ஆமிச் சென்றிகளில் இறக்கிச் சோதித்து ஏற்றியிருப்பார்கள்! காவலும் கம்பியும் இல்லாத எல்லை ஓர் ஆம்பிளையை மறித்து வைக்கும் என்று அவரை நம்பவைக்க என்னால் முடியவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போலக் கேட்டது. மகனுக்குத் தாய் வேண்டாமல் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். அதற்குமேல் அண்ணையின் பெயரை எடுத்தால் எழும்பி அறைக்குள் போய்விடுவார்.

அடுத்த குளிர்காலத்தில் அம்மா செத்துப்போனார். அண்ணையின் வழக்கு அப்போதும் முடியவில்லை. கொள்ளி வைக்க அண்ணையால் வர முடியவில்லை, என் கணவர்தான் வைத்தார். எரித்துவிட்டு வந்த பின்னேரம் அண்ணை போன் எடுத்தார். வெகுநேரம் அழுதார். நான் அழவில்லை. எல்லாம் விட்டுப்போன மாதிரி இருந்தது.

"நான் கை காட்டினதை அம்மாட்டச் சொன்னனியோ?"

"ஓம், சொன்னனான்."

"என்ன சொன்னவ?"

"தானும் மேல பிளேனில இருந்து கை காட்டினவவாம்" என்றேன்.