பெற்றோர் ஸ்தானத்தில்

"கையை நீட்டு. இது நகமா, மண்வெட்டியா?" ஞாயிறு காலை விடுதி வராந்தாவில் நாற்பத்திரண்டு பெண் பிள்ளைகளுக்கும் வார்டனம்மாதான் நகம் வெட்டிவிடுவார். பத்தாம் வகுப்புப் பெரிய மனுஷிகளுக்கும் விலக்கு இல்லை. வலிக்கிறது என்று சிணுங்கினால் இன்னும் ஒட்ட வெட்டுவார். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'சாவிக்கொத்து'. அது அவருக்கும் தெரியும்.

படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற பேச்சே கிடையாது. சேர்க்கைப் படிவத்தின் அடியில் 'இன் லோகோ பேரன்டிஸ்' என்று அச்சாகியிருந்ததை, வேலைக்கு வந்த அன்றே ஆங்கில வாத்தியாரிடம் நீட்டினார்.

"இது லத்தீன்மா. இங்கிலீஷ்காரங்க அப்படியே வச்சுக்கிட்டாங்க. கோர்ட்டு, பள்ளிக்கூடம் எல்லாத்துலயும் எழுதுவாங்க. பிள்ளை இங்க இருக்கிறவரைக்கும் பெத்தவங்க ஸ்தானத்துல நாமதான்னு அர்த்தம்."

"நாமன்னா யாரு சார்?"

"பள்ளிக்கூடம்."

"காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடமா வந்து ஈரத்துணி போடும்?"

வாத்தியார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புக்காரி ஒருத்தி சுவரேறிக் குதித்தாள். அவளுக்கு இருப்பது அம்மா மட்டும். வெளிநாட்டில் வீட்டு வேலை. விடுதித் தொலைபேசி மூன்று வாரமாகச் செத்துக் கிடந்தது. எதிர்க்கடையிலிருந்து அம்மாவோடு பேசிவிட்டு, போன வழியே திரும்பும்போது பிள்ளை மாட்டிக்கொண்டாள்.

தாளாளர் அறையில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் தாளாளர், தலைமையாசிரியை, அவர்களை ஒட்டி வார்டனம்மா. இந்தப் பக்கம் பெற்றோருக்குப் போட்டிருந்த நாற்காலி காலி. அதன் அருகே பிள்ளை நின்றுகொண்டிருந்தாள்.

"இன் லோகோ பேரன்டிஸ். பெத்தவங்க ஸ்தானத்துல இருக்கிறதாலதான் தண்டிக்கிறோம்" என்று டி.சி.யை வார்டனம்மா பக்கம் நகர்த்தினார் தாளாளர். "கையெழுத்துப் போடுங்கம்மா."

வார்டனம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் குடியிருப்பதும் விடுதி அறையில்தான். வேலை போனால் கூரையும் போகும். தெரிந்தேதான் வாயைத் திறந்தார்.

"போனைச் சரிபண்ணச் சொல்லி நாலு தடவை எழுதிக் கொடுத்தேன். ஒருத்தரும் அசையல. பெத்தவளா இருந்தா முதல்ல 'ஏண்டி போனே'ன்னு கேட்பா. இங்க யாராச்சும் கேட்டீங்களா?"

"நீங்க எங்க ஸ்டாஃப். ஞாபகம் இருக்கட்டும்" என்றார் தாளாளர்.

வார்டனம்மா எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, காலி நாற்காலியைப் பிள்ளை பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ம். இப்ப விசாரிங்க சார்."