மிண்டாமலையில் என் வாயைப் பொத்திய கை

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஓண விடுமுறையில் நடந்தது இது. அப்போதும் நாங்கள் மட்டாஞ்சேரியில்தான் இருந்தோம். என் கணவருக்கு மிளகுக் கிடங்கில் வேலை. இடுக்கிப் பக்கத்து மலையிலிருந்து அங்கே மிளகு கொண்டுவரும் சேட்டன் ஒருவர், "அண்ணாச்சி, குடும்பத்தோட ஒரு தடவ மேல வாங்க" என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஏழு வயது. மலையையே பார்த்ததில்லை அவள். அதனால்தான் கிளம்பினோம்.

ஜீப்பில் ஏறும்போது, "இந்த மலைக்கு என்ன பேர்?" என்று கேட்டேன்.

"மிண்டாமலை" என்றார் சேட்டன். மலையாளத்தில் 'மிண்டாதே' என்றால் பேசாதே என்று அர்த்தம். "இங்க கல்யாணம் பண்ணி வந்த பொண்ணுங்க வாயே திறக்கக் கூடாது. அதாக்கும் அந்தப் பேரு."

"அப்போ உங்க வீட்டுல மட்டும் அந்தச் சட்டம் செல்லாதா?" என்றார் கூடவே வந்த அவர் மனைவி, சேச்சி. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். சேச்சி உள்ளே சாயா போட்டுக்கொண்டிருந்தார். மகள் தொழுவத்துப் பக்கம் கன்றுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று கீழிருந்து மூடுபனி ஏறி வந்தது. நான் எழுந்து நிற்பதற்குள் தொழுவம் மறைந்துவிட்டது. ஓடிப் போய்த் தடவிப் பார்த்தேன். கன்று இருந்தது, அவள் இல்லை.

எந்தத் தாயும் செய்வதைத்தான் செய்தேன். "பாப்பா! பாப்பா!" என்று கத்தினேன். "இதோ வரேம்மா!" என்று எங்கிருந்தோ பதில் வந்தது. அப்பாடா என்று மூச்சு வந்தது. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். மறுபடியும் பதில் கொடுத்தாள். ஆனால் குரல் கிட்டே வரவில்லை, தள்ளிப் போனது. பயந்து போய் இன்னும் கத்தினேன். இன்னும் தள்ளிப் போனது.

பின்னாலிருந்து ஒரு கை என் வாயை அறைந்தாற்போல் பொத்தியது. சேச்சிதான். "மிண்டாதே! நின்டே கொச்சு அங்ஙோட்டா போகுது! மிண்டாதே!" என்று காதுக்குள் சீறினார். என் பிள்ளை அந்தப் பக்கம் போகிறாள் என்கிறாள், கூப்பிடவும் விடாமல் தடுக்கிறாளே, இவள் மனுஷிதானா என்று நினைத்தேன். திமிறினேன், அவர் கையைக் கடித்தேன். அவர் கையை எடுக்கவில்லை. என்னைத் தரையோடு அழுத்தி மேலே படுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் என் கணவரையும் யாரோ அதேபோல் பிடித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மகள் ஒரு முறை "அம்மா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி "அம்மா?" என்றாள். பெற்ற பிள்ளை கூப்பிட்டும் வாய் மூடிக் கிடந்த அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? பிறகு அழ ஆரம்பித்தாள். சேட்டனும் பக்கத்து வீட்டு ஆண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, வேலி மரங்களைத் தொட்டுத் தொட்டு இறங்கிப் போனார்கள். அழுகை வந்த திசைக்குப் போகவில்லை. நேரே பள்ளத்தின் விளிம்புக்குப் போய், அங்கிருந்து மேல்நோக்கித் தேடி வந்தார்கள். அங்கே தேடுகிற முறையே அதுதானாம்.

சேட்டன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். விளிம்புக்கு இரண்டு மூன்று அடி மேலே புல்லில் உட்கார்ந்திருந்தாளாம். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம். "ஏம்மா கூப்பிடறத நிறுத்திட்ட? அந்தப் பக்கத்துல இருந்து கூப்பிட்ட, நான் வந்துட்டே இருந்தேன்ல?" என்று கை நீட்டினாள். கை நீண்ட பக்கம் வெறும் பள்ளம்.

சரிவில் கொஞ்சம் இறங்கிவிட்டால், மேலிருந்து வரும் குரலைவிட எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பும் குரல்தான் தெளிவாகக் கேட்குமாம். பனியில் பாறையும் தெரியாது, பள்ளமும் தெரியாது.

கையில் துணி சுற்றியபடி சேச்சிதான் மீதியைச் சொன்னார். காட்டை வெட்டிக் கப்பைக்கிழங்கு நட முதன்முதலாக மேலே வந்தவை நாலைந்து குடும்பங்கள். அதில் ஒன்று சேட்டனுடையது. ஒரு பனிநாளில் அவருடைய அம்மா மூத்த மகனைக் கூப்பிட்டிருக்கிறார். அவனும் பதில் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறான். பதில் நின்ற பிறகும் அந்த அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். அன்றிலிருந்து பனி இறங்கினால் அங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டால் பதிலும் சொல்வதில்லை. கீழேயிருந்து வந்த ஜீப்காரர்கள், கூப்பிட்டால் வாய் திறக்காத ஜனங்கள் என்று கேலியாக வைத்த பேர்தான் மிண்டாமலை.

"வரும்போதே இவங்ககிட்ட இதச் சொல்லியிருக்கலாமில்ல? எப்பப் பாரு ஒரு தமாசு!" என்று சேச்சி புருஷனைப் பார்த்துக் கத்தினார்.

சேட்டன் தலை நிமிரவில்லை. "எங்க அண்ணனாக்கும், அண்ணாச்சி. விருந்துக்கு வர்றவங்ககிட்ட அத எப்படிச் சொல்ல?" என்றார், என் கணவரிடம்.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். எர்ணாகுளத்துப் படகில் வந்து இறங்க நேரமானால் மற்ற அம்மாக்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள், நான் படகுத்துறைக்கே போய்விடுவேன். "இவ்வளவு பயமாம்மா?" என்று சிரிக்கிறாள். என் குரல் கேட்டால் பிள்ளை என்னிடம் பத்திரமாக வந்து சேர்ந்துவிடும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அந்தக் குரலே அவளைப் பள்ளத்துக்குக் கூட்டிப் போனதைக் காதால் கேட்டவளுக்கு, அதற்குப் பிறகு எதை நம்பி வாசலில் நிற்பது என்று தெரியவில்லை.