சாமி வந்துட்டாரு

பெங்களூரில் கட்டடங்கள் எழும்ப எழும்ப, எங்கள் ஊர் ஆண்கள் ரயிலேறிப் போய்க்கொண்டிருந்த காலம். காட்டுப்பன்றியிடமிருந்து கேழ்வரகைக் காக்க வீட்டில் மிஞ்சியது நானும் என் கொழுந்தனும்தான். அவன் ஒரு தூங்குமூஞ்சி. காவல் இருக்க அலுத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் தவிர நிலத்தின் மற்ற மூன்று பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கம்பி கட்டி, மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் கொடுத்தான். அதில் யானை அடிபட்டுச் செத்தால் ஜெயில்தான் என்று வனத்துறை ஆட்கள் வந்து சொல்லியும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து சனிக்கிழமைகளில் வருவார். சாந்திபுரத்தில் பஸ் இறங்கி, அந்த நிலத்து வழியாகத்தான் நடந்து வருவார். அவர் வீடு சேர்ந்த பிறகே சுவிட்சைப் போடுவது என்று பேச்சு. அந்த மாதம் அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். காலில் செருப்பில்லை. ஊரே அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டது, நான் உட்பட.

யானையையும் எங்கள் பக்கம் சாமி என்றுதான் சொல்வோம். பேரைச் சொன்னால் வந்து நிற்கும் என்று பயம்.

அன்று சனிக்கிழமை, பொழுது சாயும் நேரம். எதிர்வீட்டுக்காரி மாடியிலிருந்து கத்தினாள். "சாமி வந்துட்டாருடீ!"

கால் கழுவத் தண்ணீரோடு வாசலுக்கு வந்தேன். அவரைக் காணோம். அவள் கை நிலத்தைக் காட்டியது. அந்தக் கோடியில் கொம்பன் யானை ஒன்று நின்றிருந்தது.

கொட்டகைப் பக்கமிருந்து கொழுந்தன் சாவகாசமாக நடந்து வந்தான். "அண்ணன் வந்துட்டாராமே அண்ணி? கரண்ட்டு போட்டுட்டேன்."

"அய்யோ, அது யானைப்பா! அவரு இன்னும் வர்ல! போய் நிறுத்து!" அவன் கொட்டகைக்கு ஓட, நான் நிலத்துக்கு ஓடினேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம், ஈர வரப்பில், வெறுங்காலோடு அவர் வந்துகொண்டிருந்தார்.

"சாமி! சாமி!" என்று கத்தினேன். யானையைச் சொல்கிறேன் என்று எண்ணித் திரும்பிப் பார்த்தவர், பையைப் போட்டுவிட்டுக் கம்பியை நோக்கி ஓட ஆரம்பித்தார்.

கல்யாணமான நாள் முதல் என் வாயில் வந்திராத அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

திகைத்துப்போய் அப்படியே நின்றார். கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "கரண்ட்டு கீது!" என்றேன். கொட்டகையிலிருந்து "நிறுத்திட்டேன் அண்ணி" என்று அழுகைக் குரல் வந்த பிறகுதான் அவரைத் தாண்ட விட்டேன். எங்களுக்குப் பின்னால் யானையும் கம்பியை மிதித்துக்கொண்டு பயிருக்குள் இறங்கியது. மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

விடிந்ததும் கொழுந்தனே கம்பியைச் சுருட்டினான். பாதிப் பயிரைத் தின்றுவிட்டு யானை காட்டுக்குப் போயிருந்தது.

"போனாப் போவுது" என்ற என் வீட்டுக்காரர், என்னைப் பார்த்துச் சிரித்தார். "எங்க, இன்னொரு வாட்டி என் பேரைச் சொல்லு."

"குளிக்கத் தண்ணி வெச்சிருக்கேன், வாங்க சாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.