பாதி திருகிய வால்வு

பஃபலோ நகரத்துப் போலந்துக்காரர் தெருவில், ஜிக்மண்ட் வீட்டில், அறைகளைச் சூடாக்கக் குழாய் வழியே நீராவி அனுப்பும் பாய்லரை வேறொருவன் தொட்டதில்லை. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத மனுஷன், உருக்காலைக் கூலியில் அந்தப் பழைய வீட்டை வாங்கி, நிலவறையில் நின்று நீராவியை வசக்கியவர். வந்தவர்களிடம் இதைச் சொல்லாமல் அவர் சூப்பில் கரண்டி வைத்ததில்லை.

"வால்வை முழுசாத் திற, இல்ல முழுசா மூடு. பாதியில விட்டா உள்ள தண்ணி தேங்கிச் சம்மட்டி அடிக்கும்." அறைக்கு அறை நீராவி ஏறிச் சூடாகும் இரும்பு ரேடியேட்டரைக் காட்டி, மனைவி ப்ரோன்யாவிடம் கல்யாணமான நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளோ பாதிதான் திருகுவாள். குழாய் டொக்கு டொக்கென்று இடிக்கும். அவர் மூச்சிரைக்க மாடியேறி வந்து திட்டுவார்.

அந்தக் குளிர்காலத்தில், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ப்ரோன்யாவை ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாதா கோயில் கோபுரம் தெரியும் மாடிப் பின்னறையை விட்டு வரமாட்டேன் என்றாள். குழாய் போய் முடிகிற அறை அது. முன்கூடம் சூடேறியதும் பாய்லர் தானாக நின்றுவிடும். அங்கே நீராவி எட்டவே எட்டாது. கம்பளிக்கு அடியிலும் அவள் கை பனிக்கட்டியாக இருந்தது.

"ஆளைக் கூப்பிடலாம்பா," என்றாள் மகள் தெரேசா.

"யாரை? நேத்து முளைச்ச பயலுகளையா? உங்கம்மாவுக்கு நான் சூடு கொண்டுவரேன், பாரு."

கீழறை ரேடியேட்டர்களில் காற்றை மெல்ல விடும் மூடிகளை மாட்டினார். அவளுடையதில் சட்டென்று விடுவதை; காற்று விலகும் இடத்துக்குத்தான் நீராவி முந்தும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, தண்ணீர் வால்வுப் பக்கம் வழிந்து திரும்பும்படி ரேடியேட்டரின் மறுகோடிக் காலுக்கு மரத்துண்டு கொடுத்து, வால்வை முழுசாகத் திறந்துவிட்டார். மறுநாள் காலை இரும்பு முழுக்கக் கொதித்தது.

"பாத்தியா? ஒரு டொக்கு சத்தம் உண்டா?" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"கதகதன்னு இருக்கு. ஆனா வீடு ரொம்ப அமைதியாயிடுச்சு, ஜிக்மண்ட்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "மக்கு! இத்தனை வருஷமா மறதியிலயா பாதி திருகினேன்? பேர் சொல்லிக் கூப்பிட்டா நீ பாய்லரை விட்டு வரமாட்டே. அது இடிச்சா, திட்டிக்கிட்டாவது வருவே."

அவர் சமையலறை நாற்காலியைத் தூக்கிவந்து கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தார். பிறகு நிலவறைக்கு அதிகம் இறங்கவில்லை. பனி கரையுமுன் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்ததும் தெரேசா சொன்னாள்: "ஆளில்லாத அறைக்கு எதுக்குப்பா சூடு? அந்த வால்வை மூடிடலாம்."

"நான் பாத்துக்கறேன்."

மாடியேறினார். வால்வைத் திருகினார். பாதியில் கையை எடுத்துக்கொண்டார்.

காலையில் பாய்லர் மூண்டதும் குழாய் இடிக்கத் தொடங்கியது. "அப்பா! என்னப்பா அது?" என்று அலறினாள் தெரேசா. அவர் அதற்குள் கைப்பிடியைப் பிடித்துப் படியேறிக்கொண்டிருந்தார். "எத்தனை தடவைடி சொல்றது உனக்கு," என்று முணுமுணுத்தபடி கதவைத் தள்ளினார்.

கட்டில் விரித்தபடி இருந்தது. ரேடியேட்டர் இடித்துக்கொண்டே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார், வால்வைத் தொடவில்லை.