சும்மாட்டில் ஒரு பட்டன்

சுவரில் தீட்டிய உழைப்பாளியைப் பார்த்து வியக்கிறீர்களே, அவள் யார் என்று என்றாவது கேட்டதுண்டா?

துறைமுக அலுவலகத்தின் முன்மண்டபத்தில் செங்கல் சுமக்கும் ஆறு பேரின் ஓவியம் இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன், கட்டடம் எழும்பும்போதே வரைந்தது. இடமிருந்து மூன்றாவதாக நிற்பவளுக்கு இப்போது தொண்ணூறு வயது.

அவள் கணவர் அங்கே கொத்தனார். சாரம் சரிந்து விழுந்து இறந்தார். பத்தாம் நாளே அவள் கல் சுமக்க வந்துவிட்டாள். வயிறு காத்திருக்குமா? அவருடைய நீலச் சட்டையின் கையைக் கிழித்துச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டுப் பட்டனைப் பிய்க்க மனம் வரவில்லை.

ஓவியர் அவளை வரைந்தபோது சும்மாட்டை விட்டுவிட்டார். முக அழகை அது கெடுக்கிறதாம். கல்லை இறக்கிவிட்டு வந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

“வெறுந்தலையில பன்னெண்டு கல்லா? ஒரு நாள் நீங்க தூக்கிப் பாருங்க ஐயா. அப்புறம் படத்தை முடிக்க வேற ஆளைத்தான் தேடணும்.”

சொன்னதோடு சும்மாட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வெட்கிப்போன ஓவியர் அதை அப்படியே வரைந்தார், பட்டனையும் சேர்த்து. கொத்தனாருக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அவர் விழுந்ததைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரி இல்லை. அந்தப் பட்டன் மட்டுமே மிச்சம்.

சென்ற மாதம் மண்டபத்தைப் புதுப்பித்துப் பித்தளைப் பலகை பதித்தார்கள். ஓவியர் பெயர், திறந்துவைத்தவர் பெயர், கடைசியில் ‘உருவங்கள் கற்பனையே’ என்று ஒரு வரி. மகள் வாசித்துக் காட்டியதும், அந்த வரியை எடுக்கச் சொல்லி அவள் அதிகாரியிடம் போனாள். ஓவியம் என்றாலே கற்பனைதானே அம்மா என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார்.

“கற்பனைக்குப் பட்டன் எதுக்குத் தம்பி?”

அதிகாரி எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு, ஒருவர் சொல்லி மாற்ற முடியாது, பார்வையாளர்கள் பலர் கேட்டால் மேலிடத்துக்கு எழுதலாம் என்றார். ஒரு மனிதன் வாழ்ந்தான் என்பதற்கும் கையெழுத்து வேட்டையா?

அவள் கோபப்படவில்லை. போகும்போது பட்டனைத் தொட்டாள். காவலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

“சாயம் போகலை,” என்றாள் மகளிடம்.

மண்டபத்து மேசையில் பார்வையாளர் ஏடு திறந்தே கிடக்கிறது. அந்தப் பக்கம் போனால் உள்ளே சென்று, பட்டனைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இது கற்பனை அல்ல.